சிவப்புக் கட்டத்தின் மேல் ஒட்டிய தாள்

எங்கள் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஊர் ஊராக ஆட்களை அனுப்பி வைத்த பெண்மணிக்கு, பஸ் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். பனிமலை, பறவை ஏரி, மணல்மேடு எதையும் அவர் நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் எந்த இடத்துக்கு எந்த வாரம் போகலாம் என்று அவரைக் கேட்காமல் முதலாளி ஒரு பஸ்ஸைக்கூட நகர்த்த மாட்டார். எல்லோருக்கும் அவர் சீசனக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நான் பக்கத்து மேசை. இருக்கை எண் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஜன்னலோரம் வேண்டும், டயருக்கு மேல் வேண்டாம், மாமியார் பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்று பதினெட்டு வருடம் கேட்டுக் கேட்டு என் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. அக்கா அதை ரசிப்பார். சிரித்துவிட்டு மறுபடி அட்டையைப் பார்ப்பார்.

அந்த அட்டை சுவரில் பாதியை அடைத்திருந்தது. இடத்துக்கு ஒரு வரிசை, வாரத்துக்கு ஒரு கட்டம். போகலாம் என்றால் பச்சை, யோசிக்கலாம் என்றால் மஞ்சள், கூடவே கூடாது என்றால் சிவப்பு. பள்ளி விடுமுறையில் பறவை ஏரிக்குப் போனால் பறவை இருக்காது, எச்சம்தான் இருக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்வார். பனிமலைக்குக் குளிர் தொடங்கி மூன்றாவது வாரம். அதற்கு முன்னால் வெறும் மூடுபனி, பின்னால் போனால் பாதை அடைபடும். மணல்மேட்டுக்குக் காற்று திரும்பிய பிறகுதான்.

இதெல்லாம் அவருக்குத் தெரிந்தது தொலைபேசியில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு டீக்கடையோ பெட்டிக்கடையோ பிடித்து வைத்திருந்தார். பஸ் கிளம்புவதற்கு முந்தின நாளும் அன்று விடியற்காலையும் கூப்பிடுவார். மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்கவே மாட்டார். "மழைன்னு கேட்டா இல்லவே இல்லன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு வியாபாரம் ஆகணுமே" என்பார். அவர் கேட்பது ஒரே கேள்வி: "கொடியில போட்ட துணி காயுதா?" துணி காய்ந்தால் பஸ் போகும். காயாவிட்டால் முதலாளி தலைகீழாக நின்றாலும் போகாது.

எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட இடம் பாலத்தருவி. வாசலுக்கு எதிரே அதன் படம் மாட்டியிருந்தது. மலை முழுக்க வெள்ளையாகத் தண்ணீர், கீழே ஒரு தரைப்பாலம். வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் விரல் நீட்டுவார்கள். போய்வந்த பிறகு சண்டைக்கும் வருவார்கள். "என்னம்மா, படத்துல அப்படி இருக்கு, அங்க போனா குழாய் மாதிரி ஒழுகுது?"

ஒருநாள் அந்தப் படத்தைத் துடைக்கக் கழற்றியபோது, சட்டத்துக்குள் மறைந்திருந்த தேதியை அக்கா எனக்குக் காட்டினார். அது அட்டையில் சிவப்பு அடித்திருந்த வாரம். தண்ணீர் அப்படிக் கொட்டுவது அந்த ஒரு வாரம்தான். அந்த வாரத்தில்தான் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும்.

"அப்ப நாம காட்டுற படத்த யாருமே பார்க்க முடியாதா?" என்றேன்.

"பார்க்கலாம். திரும்பி வரணுமே" என்று சொல்லிப் படத்தை மாட்டினார். நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அக்காவுக்கு ஒரே மகள். அதற்கு முந்தின வருடம் கல்யாணமான மகள், அம்மா எங்கெங்கோ ஊராரை அனுப்புகிறாள், என்னை அனுப்பவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது ஒரே வாரத்தில். கேட்டதும் பாலத்தருவிதான். அந்த வாரமோ சிவப்பு.

அக்கா இரண்டு நாள் அட்டை முன்னால் நின்றார். மூன்றாம் நாள் ஒரு சின்ன வெள்ளைத் தாளை வெட்டி, அந்தச் சிவப்புக் கட்டத்தின் மேல் ஒட்டி, பச்சைப் பென்சிலால் தீட்டினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"இந்த வருஷம் மழை முன்னாடியே விட்டுடுச்சு. கிளம்புற அன்னைக்குக் காலையில போன் போட்டுப் பார்ப்பேன். துணி காயலன்னா நிறுத்திடப் போறேன், அவ்வளவுதானே?"

எங்கள் அலுவலகத்தில் பச்சை இருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. மதியத்துக்குள் முதலாளி அந்த வாரத்துக்கு நாற்பது இருக்கை பஸ் போட்டுவிட்டார். தாளின் அடியில் சிவப்பு லேசாகத் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் விஷயம் நமக்கெதற்கு என்று பதினான்காம், பதினைந்தாம் இருக்கைகளை அக்கா மகளுக்கு எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

பஸ் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அக்கா விடுப்புப் போட்டு மகள் வீட்டுக்கு ஓடினார். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

"அந்த ரெண்டு சீட்டையும் வேற யாருக்காவது குடுத்துடும்மா. வீணாப் போகவேண்டாம்."

வேறு யாருக்குக் கொடுப்பேன்? என் அண்ணன் தையல்கடை வைத்திருந்தான். முப்பது வருடமாக ஒரே மெஷின், ஒரே ஜன்னல். "நீ சுத்துலா ஆபீஸ்ல இருந்து எனக்கு என்ன பிரயோஜனம் பாப்பா? அந்த அருவிக்கு ஒரு தடவை அனுப்பக் கூடாதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். எனக்கு நாற்பத்தைந்து வயதானாலும் அவனுக்கு நான் பாப்பாதான். இருக்கையைக் கொடுத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணி அன்று மாலையே பையை எடுத்து வைத்தாளாம்.

பஸ் விடியற்காலை ஐந்து மணிக்குப் போயிற்று. ஒன்பதரைக்கு அக்கா வேலைக்குத் திரும்பினார். நாற்காலியில் உட்காரப் போனவர் அட்டையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அந்த பஸ் போயிடுச்சா?"

"காலையிலேயே போயிடுச்சே."

"யார் போன் பண்ணினது?"

"நீங்க பண்ணலையா?"

அந்த விடியற்காலை அழைப்பை அவர் மகளுக்காகத்தான் மனதில் முடிந்து வைத்திருந்தார். மகள் போகவில்லை என்றானதும் முடிச்சு அவிழ்ந்துபோயிருந்தது. பாலத்தருவி டீக்கடைக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் டீக்கடைக்காரம்மா குரல் எனக்கும் கேட்டது.

"துணியா? மூணு நாளாக் காயலையே அக்கா. நேத்து நீங்க கூப்பிடலையேன்னு நினைச்சேன். பஸ் வராதுன்னு கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

ஓட்டுநருக்குப் போட்டோம். மலைப்பாதையில் இணைப்பே கிடைக்கவில்லை. நான் போட்டேன், அவர் போட்டார், முதலாளி போட்டார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வாய்க்குள் சொன்னார்: "நல்லவேளை, என் பொண்ணு போகல."

எனக்குக் கேட்டுவிட்டது.

"அந்த சீட்டுல எங்கண்ணன் இருக்கான்க்கா" என்றேன்.

அவர் முகத்தை நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஐம்பதுக்கு அது அடித்தது. அண்ணன்.

"பாப்பா! டிரைவர் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டாரு. தண்ணி இறங்கட்டும்னு சொல்றாரு. ஆனா பார்க்கணுமே நீ! உங்க ஆபீஸ் போட்டோல இருக்கிற மாதிரியே இருக்கு, அப்படியே இருக்கு!"

"அண்ணா, பஸ்ல ஏறு. பாலத்துகிட்ட போகாத. அண்ணியையும் ஏறச் சொல்லு!"

"என்ன? கேக்கல. சத்தம் காதை அடைக்குது. இரு, பாலத்துல நின்னாத்தான் போட்டோல முழுசா விழும். எடுத்து அனுப்பறேன்."

அலுவலகமே கேட்கும்படி கத்தினேன். அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

பதினொன்றே காலுக்கு ஓட்டுநர் பேசினார். பாலத்தின் மேல் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்ததாம். நான்கு பேர் இறங்கினார்களாம். மேலேயிருந்து ஒரு சத்தம் வந்ததும் மூன்று பேர் திரும்பி ஓடி வந்துவிட்டார்கள். அண்ணன் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அண்ணி கரையில் அவனுடைய செருப்பை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று மாலை பஸ் முப்பத்தொன்பது பேரோடு திரும்பியது. இறங்கும்போதும் அந்தச் செருப்பு அவள் கையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் அண்ணன் கிடைத்தான். போன் கிடைக்கவில்லை.

அக்கா மறுநாளிலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு மூன்று முறை வந்தாராம், கதவைத் தட்டாமல் திரும்பிப் போனாராம். அவரைச் சபிக்க நினைத்து உட்கார்ந்தால், பதினான்கு என்று எழுதிய என் கைதான் கண் முன்னால் வருகிறது. முதலாளி வாசல் படத்தைக் கழற்றிவிட்டார். அந்த இடத்தில் சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம் மட்டும் இருக்கிறது. அட்டையும் விடியற்காலைப் போன்களும் இப்போது என் பொறுப்பு.

வருடா வருடம் அந்த வாரம் பிறந்தால் காலை ஒன்பதுக்கு அக்கா கூப்பிடுவார். நலம் விசாரிக்க மாட்டார், நானும் மாட்டேன்.

"பாலத்தருவி என்ன கலர்?"

"சிவப்புதான்க்கா."

"மேல தாள் எதுவும் ஒட்டலையே?"

"இல்லக்கா."

"தடவிப் பாரும்மா" என்பார். நான் எழுந்துபோய் அந்தக் கட்டத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். அதற்குப் பிறகுதான் போனை வைப்பார்.