பாக்கியலட்சுமியின் உலைமூக்கு இயந்திரம்

மலாக்கா டவுனின் காஜா பெராங் சாலையில் கடைவீடுகளின் வரிசை முடிந்து தென்னை மரங்கள் தொடங்கும் இடத்தில் ஓங் தவுக்கே என்ற சீன முதலாளியின் வார்ப்படப் பட்டறை இருந்தது. ரப்பர் பாலை ஷீட்டாக அழுத்துகிற உருளைகள்தான் அங்கே பெரும்பாலும் வார்க்கப்பட்டன. இரும்பை உருக்கக் காற்று வேண்டும். விசிறி மெஷினிலிருந்து வரும் காற்று இரும்புக் குழாய் வழியாக உலைக்குள் போகும். குழாயின் நுனி நெருப்புக்குள் இருந்தால் அதுவே உருகிவிடும் என்பதால், அந்த நுனியில் சுட்ட களிமண்ணாலான கூம்புக் குழல் ஒன்றைச் செருகுவார்கள். ஒரு சாண் நீளம் இருக்கும். பின்பக்கம் அகலம், முன்பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பட்டறையில் அதற்கு ‘மூக்கு’ என்று பெயர். உலைக்கு நான்கு மூக்கு. இரண்டு மூன்று முறை உருக்கியதும் தேய்ந்துபோகும், புதிதாக வைக்க வேண்டும்.

அந்த மூக்குகளைச் செய்துகொண்டிருந்தவள் பாக்கியலட்சுமி. அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் அவள் கணவனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். சண்டை முடிந்து மற்றவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், அவன் வரவில்லை. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்து சேர்ந்தாள். தவுக்கேயின் பட்டறையில் முதலில் பழைய இரும்பு பிரிக்கிற வேலை. மூக்குச் செய்த சீனக் கிழவர் சிங்கப்பூரில் மகனோடு இருக்கப் போய்விட்டபோது, “எனக்குக் கொடுங்க, செஞ்சு பாக்குறேன்” என்று அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

செங் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும் வெள்ளைக் களிமண்ணோடு சுட்ட செங்கல் தூளைக் கலந்து மிதித்து, ஒரு மரக்குச்சியைச் சுற்றி அப்பி, கையால் உருட்டி, குச்சியை உருவி, நிழலில் காயவைத்துச் சுடுவாள். ஒரு நாளைக்கு எட்டு செய்தால் அதிகம்.

1956 தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒரு நாள், இரும்பு உருகிக்கொண்டிருந்தபோது ஒரு மூக்கு நீளவாக்கில் பிளந்தது. பிளவு வழியே தீக்குழம்பு பின்னோக்கிச் சீறியது. உலைக்குப் பக்கத்தில் நின்ற மருதமுத்துவின் வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. மருதமுத்து பன்னிரண்டு வருஷ உலைக்காரர். சத்தம் போடாமல் நான்கடி பின்னால் நடந்து, மணல் மேட்டில் உட்கார்ந்து, “காத்த நிறுத்துங்கடா” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பாக்கியலட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் மருதமுத்துவின் மனைவி ஜெயா நின்றிருந்தாள். பட்டறைக்குச் சோறு கொண்டுவரும்போதெல்லாம், “என்னக்கா, சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிறவள்.

“அண்ணன் எப்படி இருக்காரு ஜெயா?”

“எதுக்கு வந்தீங்க? நீங்க செஞ்சதுதான அது?”

பாக்கியலட்சுமி, கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வாசலில் இருந்த பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் காலையில் அலமாரியில் இருந்த மூக்குகள் முப்பத்தொன்றையும் எடுத்து, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்தாள். தவுக்கே ஓடிவந்தார். அவள் உடைந்த ஓடுகளை வெயிலில் வரிசையாக வைத்துக் காட்டினாள். ஒன்றிலும் சுவர் ஒரே கனமாக இல்லை. ஒரு பக்கம் விரல் கனம், மறு பக்கம் அதில் பாதி. ஏழில் மண்ணுக்குள்ளே மொச்சைக்கொட்டை அளவு காற்றுக் குமிழிகள் இருந்தன. நன்றாகச் செய்ததாக அவள் நினைத்திருந்தவற்றிலும் இருந்தன.

“கையால செஞ்சா இப்படித்தான் வரும் தவுக்கே. மெஷின் வேணும்.”

“அப்படி ஒரு மெஷின் எங்கே விக்கிறாங்க?” என்று அவர் மலாயில் கேட்டார்.

அவளுக்கும் தெரியவில்லை.

ஜாலான் துக்காங் எமாஸில், பிள்ளையார் கோயிலுக்கும் கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கும் இடைப்பட்ட ஒரு சந்தில் ஹாஜா பாய் கடைசல் பட்டறை வைத்திருந்தார். ஒல்லியான மனிதர். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் வேலையைப் பற்றிப் பேசுவார். பாக்கியலட்சுமி ஒரு முறுக்கு அச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தாள்.

“பாய், இதுல மாவு வர்ற மாதிரி மண்ணு வரணும். ஆனா நடுவுல ஓட்டையோட வரணும்.”

பாய் அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓட்டை வேணும்னா நடுவுல ஒரு முளை நிக்கணுமே. அது அந்தரத்துல நிக்காதே தாயி. மூணு கால் வச்சுத் தாங்கணும்.”

மூன்று கால் வைத்தே செய்தார். ஆறு வாரத்தில் இரும்பில் ஒரு பெரிய முறுக்கு அச்சு தயாரானது. மண் வழவழவென்று குழலாக வந்தது. பட்டறையில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். சுட்டு எடுத்தபோது, அந்த மூன்று கால்களும் மண்ணை அறுத்துவிட்டு மறுபடி ஒட்டிய இடங்களில், ஒவ்வொரு குழலிலும் நீளவாக்கில் மூன்று விரிசல். அதோடு, குழல் நேராகத்தான் வந்தது, மூக்குக்கு வேண்டிய கூம்பு வரவில்லை. பாய் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். அது சமமான மூன்று துண்டாகப் பிரிந்தது.

“போச்சு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் வரவழைத்தார்.

அடுத்தது வேறு மாதிரி. இரண்டு பாதியாகத் திறக்கும் ஒரு கூம்பு அச்சு. அதில் மண்ணை அடைத்து இறுக்கி, மேலிருந்து நீண்ட நெம்புகோலால் கூரான இரும்பு முளையை உள்ளே இறக்க வேண்டும். மண் நாலாபக்கமும் ஒரே கனமாக நெருங்கும், குமிழிகளும் நசுங்கிப்போகும். இறக்குவது வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. முளையை மேலே தூக்கினால் மண்ணும் கூடவே வந்தது. எண்ணெய் தடவினார்கள், சாம்பல் தூவினார்கள். மண் ஒட்டாமல் நின்ற சமயங்களில்கூட, முளை மேலே எழ எழ உள்சுவர் சப்பென்று ஒட்டிக்கொண்டு ஓட்டை மூடிப்போனது. சித்திரை போய் ஆனியும் வந்துவிட்டது. பாய் வேறு வேலைகளுக்கு நடுவே முளையை மூன்று முறை மாற்றிக் கடைந்து கொடுத்தார். அதுவரை உலைக்கு அவள் கையால் செய்த மூக்குகளைத்தான், சுவர் கனத்தை அளந்து பார்த்து வைத்தார்கள்.

பாக்கியலட்சுமி குடியிருந்த அறை கமலவேணி என்ற பெண்ணின் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. கமலவேணி, பல தலைமுறைகளாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டி குடும்பத்தவள். மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டை உடுத்தி மாரியம்மனைக் கும்பிடுவாள். வாயைத் திறந்தால் மலாய்தான், தமிழ் நாலைந்து சொல்லுக்குமேல் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் வற்றியிருந்த நேரத்தில் இருவரும் தெங்கேரா கரையில் சிப்பி பொறுக்கப் போனார்கள். பாக்கியலட்சுமியின் கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்துவிட்டது. இழுக்க இழுக்கச் சேறு இன்னும் இறுக்கிப் பிடித்தது.

“ஜாங்கான் தாரிக்!” என்று கமலவேணி கத்தினாள். இழுக்காதே என்று அர்த்தம். பக்கத்தில் வந்து குனிந்து, பாக்கியலட்சுமியின் கெண்டைக்கால் ஓரமாகத் தன் கையைச் சேற்றுக்குள் செருகி இடைவெளி உண்டாக்கினாள். “பாகி ஆங்கின் மாசோக்.” காற்று உள்ளே போகட்டும். கொளக்கென்று சத்தம் வந்தது. கால் லேசாக வெளியே வந்தது.

பாக்கியலட்சுமி சேற்றுக் காலோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கமலவேணி, ஏதோ கடித்துவிட்டதென்று நினைத்து அவள் காலைத் திருப்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஹாஜா பாய் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். “பாய், முளைக்குள்ள ஓட்டை போடணும். மேலேருந்து நுனி வரைக்கும். நாம தூக்குறப்ப அடியில காத்து இல்ல. அதான் மண்ணு ஒட்டிக்குது.”

“ஓட்டை போட்டா அழுத்துறப்ப மண்ணு அதுக்குள்ள ஏறிடுமே.”

“அதுக்குள்ள ஒரு கம்பி விடுங்க. அழுத்துறப்ப கம்பி அடைச்சுக்கிட்டு இருக்கட்டும். முதல்ல கம்பிய உருவணும், அப்புறம் முளையத் தூக்கணும்.”

பாய் முளையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்த ஓட்டையைத் துளைக்கவே நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் கம்பியை உருவியபோது உஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. முளை வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. அச்சைத் திறந்தார்கள். மழமழப்பான ஒரு மூக்கு உள்ளே நின்றது. காயவைத்துச் சுட்டு, நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார்கள். சுவர் எங்கும் ஒரே கனம்.

மெஷினைப் பட்டறையில் நிறுத்தியதும் தவுக்கே, “ஓராள் போதுமா?” என்று கேட்டார். போதாது. மண்ணை அடைத்துக் கம்பியை உருவ ஒருத்தர், நெம்புகோலை இறக்கி ஏற்ற ஒருத்தர். பையன் யாரையாவது போடட்டுமா என்றார் அவர்.

“மருதமுத்து அண்ணன் வீட்டு ஜெயாவக் கூப்பிடுங்க,” என்றாள் பாக்கியலட்சுமி.

மருதமுத்துவின் கை ஆறிக்கொண்டிருந்தது, ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். ஜெயா வந்தாள். வந்து, நெம்புகோலின் பக்கம் நின்றாள். பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

நாட்கள் அப்படியே போயின. பாக்கியலட்சுமி மண்ணை அடைத்துவிட்டுக் கையை வெளியே எடுப்பாள், ஜெயா நெம்புகோலை இறக்குவாள். கம்பியை உருவுவாள், ஜெயா ஏற்றுவாள். பேச்சே தேவைப்படவில்லை. மதியம் ஜெயா வேலிப்பக்கம் போய்த் தனியாகச் சாப்பிடுவாள். பட்டறையில் இருந்தவர்களுக்கு இது சங்கடமாக இருந்தது. பாக்கியலட்சுமிக்கு அவ்வளவாக இல்லை. நெம்புகோலை ஜெயா ஒரு தடவைகூட அவசரமாக இறக்கவில்லை. பாக்கியலட்சுமியின் விரல்கள் முழுசாக வெளியே வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கினாள். அதைப் பாக்கியலட்சுமி முதல் நாளே கவனித்துவிட்டாள்.

மூன்றாவது வாரம், மண்ணை அடைத்துவிட்டுத் தலையசைத்தபோது நெம்புகோல் இறங்கவில்லை.

“கல்லு,” என்றாள் ஜெயா.

“எங்க?”

“அந்த ஓரத்துல. நீங்க திணிக்கிறப்ப பாத்தேன்.”

பாக்கியலட்சுமி தோண்டினாள். பட்டாணி அளவில் ஒரு கூழாங்கல் இருந்தது. சுடும்போது அது வெடித்திருக்கும். பாக்கியலட்சுமி அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு உடைஞ்சது நான் செஞ்சதுதான் ஜெயா. நீ சொன்னது நெசம்.”

ஜெயா நெம்புகோலிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். “அவரு சொன்னாரு. வைக்கிறதுக்கு முன்னாடி தட்டிப் பாத்தாராம். சத்தம் சரியா இல்லையாம். உலை மூட்டுற அவசரத்துல பரவால்லன்னு வச்சுட்டாராம்.” நெம்புகோலை மறுபடி பிடித்தாள். “எப்பவோ சொல்லிட்டாரு. எனக்குத்தான் உங்ககிட்ட வந்து சொல்ல வாய் வரல.”

“சரி, மண்ண அடைக்கட்டுமா?”

“அடைங்கக்கா.”

அன்று மதியம் இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெயா கொண்டுவந்திருந்த நெத்திலி சம்பலில் உறைப்பு தாங்கவில்லை என்று பாக்கியலட்சுமி சொன்னாள். மறுநாளும் ஜெயா அதே உறைப்போடுதான் கொண்டுவந்தாள்.

1957 ஆகஸ்டு கடைசியில் உலையை மூன்று நாள் அணைத்துப் போட்டார்கள். மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம். மருதமுத்து குடும்பத்தோடு பாக்கியலட்சுமியும் பண்டார் ஹிலிர் திடலுக்கு விளக்கு அலங்காரம் பார்க்கப் போனாள். கமலவேணி புதுக் கெபாயாவில் வந்திருந்தாள். மருதமுத்து அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். உலைப் பக்கம் இல்லை, வாசலில் பழைய இரும்பு நிறுக்கிற வேலை. இடது கையால் எழுதப் பழகியிருந்தார்.

அதற்கப்புறம் மூன்று வருஷத்தில் ஒரு மூக்கும் உலையில் பிளக்கவில்லை. இந்தச் செய்தி மூவார் பட்டறை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த முதலாளி, ஓங் தவுக்கேயின் மைத்துனர், அதே மாதிரி மெஷின் ஒன்று கேட்டார். ஹாஜா பாய் செய்து அனுப்பினார். ஆனால் நிறுத்திக் கொடுக்கிற சமயத்தில் அவர் ஹஜ்ஜுக்குக் கப்பலேறிவிட்டார்.

“நீ போறியா? போலே கா, முடியுமா?” என்று தவுக்கே பாக்கியலட்சுமியைக் கேட்டார்.

தோட்டத்திலிருந்து மலாக்கா வந்ததற்குப் பிறகு அவள் எந்த ஊருக்கும் போனதில்லை. “ஜெயாவும் வந்தா போறேன்,” என்றாள்.

பஸ்ஸில் போய், மூவார் ஆற்றை ஃபெர்ரியில் கடந்தார்கள். பட்டறையில் கங்காணி வெளியே வந்து இருவரையும் பார்த்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“மெஷின்காரர் எங்கம்மா?”

“நாங்கதான்,” என்றாள் ஜெயா.

முதல் நாள் மெஷினை நிறுத்தி முடித்தார்கள். அந்த ஊர் மண் மணல் கலந்தது. முதல் பத்து மூக்கும் அச்சைத் திறந்ததும் உதிர்ந்தன. சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியலட்சுமி மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள். சல்லடை கேட்டாள். ஆற்றங்கரை மண் இரண்டு கூடை கொண்டுவரச் சொன்னாள். இருவரும் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு மறுநாள் மதியம்வரை மிதித்தார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பாக்கியலட்சுமி கம்பியை உருவினாள். ஜெயா முளையைத் தூக்கினாள். கங்காணியே குனிந்து அச்சைத் திறந்தார். மூக்கு நின்றது. அவர் தொடப்போனபோது, “காயட்டும், நாளைக்குத் தொடுங்க,” என்று பாக்கியலட்சுமி சொன்னாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். ஆண்களில் ஒருவன் அடுத்த கூடை மண்ணைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான்.

ஒரு வாரம் தங்கி, அங்கிருந்த இரண்டு பேருக்குக் கைப்பழக்கம் வந்ததும் புறப்பட்டார்கள். ஃபெர்ரி நடு ஆற்றில் போகும்போது ஜெயா, பிள்ளைகளுக்கு வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். இருவரும் தின்றுகொண்டே வந்தார்கள். கரை வந்தபோது பொட்டலம் காலியாகியிருந்தது. இறங்கியதும் முதல் வேலையாக, பஸ் நிற்குமிடத்தில் இன்னொரு பொட்டலம் வாங்கினார்கள்.