கால்மாட்டுக் கட்டை

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இயந்திரம் வடிவமைக்கும் இன்ஜினியரான எனக்குச் சோறு போட்டது ‘ஸ்ப்ராக்’. இரண்டு வளையங்களுக்கு நடுவே நிற்கும் சிறு இரும்புத் துண்டுக்கு அந்தப் பெயர். வளையத்தை ஒரு பக்கம் சுழல விடும்; மறுபக்கம் திரும்பினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். சுரங்கத்தில் நிலக்கரி சரியாமல் கொடுக்கும் முட்டுக்கும், சரிவில் வண்டி உருளாமல் சக்கரத்துக்கு வைக்கும் கட்டைக்கும் அதே பெயர்தான் என்று அலுவலகத்தில் கிடந்த பழைய அகராதியில் படித்தேன். அதையெல்லாம் ரசிக்க அப்போது நேரம் இருந்தது.

பிறகு மனைவிக்கு ஆறாம் மாதத்திலேயே வலி கண்டது. ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. டாக்டர் வலியை நிறுத்தி, வீட்டில் படுத்தே இருக்கச் சொல்லி அனுப்பினார்.

மதுரையிலிருந்து மாமியார் போனில், “மாப்ள, கட்டில் கால்மாட்டுல ரெண்டு செங்கல் வைங்க. புள்ள நின்னுக்கிரும்,” என்றார். டாக்டரிடம் கேட்டேன். பலன் இருக்காது, கெடுதலும் இல்லை என்றார். எனக்கு அது போதும். தடித்த மரக்கட்டைகள் வாங்கி வந்து கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். கட்டிலின் கால்களில் சக்கரம் இருப்பது இந்தப் பெரிய இன்ஜினியருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அவள் புரண்டு படுத்ததும் கட்டில் தலைமாட்டுப் பக்கம் உருண்டது. கால்மாட்டுச் சக்கரங்கள் கட்டைகளின் விளிம்பில் வந்து நின்றன. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் அவளோடு தடாலென்று விழுந்திருக்கும். ஓடிப்போய்க் கட்டிலைத் தாங்கிப் பிடித்தேன்.

“ஒண்ணுமில்லங்க,” என்றாள். நான் கட்டிலை விடாமல் நின்றேன்.

அன்றே ஆப்புக்கட்டைகள் செதுக்கித் தலைமாட்டுச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தேன். அதன்பிறகு வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் குனிந்து அவற்றை ஆட்டிப் பார்ப்பேன். அலுவலகத்தில் போன் அடித்தால் பகீரென்று இருக்கும்.

ஒன்பதாம் மாதம் தொடங்கியதும், இனி எழுந்து நடமாடலாம் என்றார் டாக்டர். நான் கட்டைகளைத் தொடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

“இன்னும் எத்தனை நாளைக்கு இதக் கட்டிக்கிட்டு அழுவீங்க? எடுங்க. ஒண்ணும் ஆகாது,” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஒவ்வொன்றாக எடுத்தேன். கட்டில் தரையில் இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் வயிற்றை அடியில் தாங்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். “எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?” என்றாள், கண்ணைத் திறக்காமலே.