ஞானப்பூ திருப்பிய ஸ்டீரிங்

பந்தல்குடி மரியராஜுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் வண்டி ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸுக்குக் கரி அள்ளிப் போட்டு, கிளீனராகி, டிரைவரானவர். கோட்டைச்சாமியின் பருத்தி லாரிதான் அவருக்குச் சோறு போட்டது.

சண்டை முடிந்த மறு வருஷம் அந்த லாரியின் ஸ்டீரிங் பெட்டியில் பல் தேய்ந்துவிட்டது. அரைச் சுற்றுச் சுற்றினாலும் சக்கரம் அசையாது. புதுப் பெட்டி சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

"திங்கக்கெழம லோடு ஏத்தலேன்னா வண்டிய வித்துருவேன் மரியராஜு. நீ வேற எடம் பாத்துக்க" என்று கோட்டைச்சாமி கறாராகச் சொல்லிவிட்டார்.

மரியராஜ் மதுரைக்கு ஓடினார். பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய லாரி ஒன்றின் பெட்டியைச் சுமந்து வந்து, சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினார். பெட்டியைப் புரட்டி வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, மனைவி ஞானப்பூவை டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டு, அடியில் போய்ப் படுத்தார்.

"ஏ புள்ள, சோத்தாங்கைப் பக்கமாத் திருப்பு."

சக்கரம் இடப்பக்கம் போயிற்று.

"சோத்தாங்கைன்னேன்."

"அந்தப் பக்கந்தான் திருப்புறேன்."

மறுபடியும் இடப்பக்கம்தான். ஞானப்பூவுக்கு இடதுகைப் பழக்கம். அரிவாள், அகப்பை, விளக்குமாறு எல்லாமே அந்தக் கையில்தான். அது போதாதா மரியராஜுக்கு?

"பீச்சாங்கைக்காரிக்குச் சோத்தாங்கை எங்க தெரியப் போகுது" என்று அடியிலிருந்து கத்தினார்.

ஞானப்பூ தலையோடு வலக்கையையும் வெளியே நீட்டினாள். "அகப்பைய எந்தக் கையில புடிச்சாலும் சோறு இந்தக் கையாலதான் திங்கிறேன். தெனமும் பக்கத்துல உக்காந்து பாக்கலியா? நீங்களே ஏறித் திருப்புங்க."

முறைத்துக்கொண்டே ஏறி வலப்பக்கம் திருப்பினார். கீழே இறங்கி நின்ற ஞானப்பூ, "இப்பவும் பீச்சாங்கைப் பக்கந்தான் போகுது" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பட்டாளத்து லாரியில் டிரைவர் உட்காருவது இடப்பக்கம். அந்தப் பெட்டியை வலப்பக்கம் புரட்டிப் பூட்டினால் எல்லாம் தலைகீழாகத்தான் திரும்பும். அப்படியே ஓட்டியிருந்தால், எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குவதாக நினைத்து அதன் மேலேயே ஏற்றியிருப்பார்.

"நீ சொன்னதுதான் சரி புள்ள" என்றார்.

பெட்டியிலிருந்து கீழ்நோக்கித் தொங்கிய இரும்புக் கையைக் கழற்றி மேல்நோக்கிப் பூட்டினார். சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கொல்லுப் பட்டறையில் வளைத்து வாங்கி மாட்டினார். ஞானப்பூ மறுபடி ஏறித் திருப்பினாள். சொன்ன பக்கம் சக்கரம் திரும்பியது. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

திங்கட்கிழமை பரளச்சியில் லோடு ஏற்றிக்கொண்டு வந்தபோது, வளைவில் ஒரு கூண்டு வண்டி எதிரே வந்தது. உள்ளே குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம். மரியராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீரிங்கை ஒடித்தார். லாரி ஒதுங்கிப் போயிற்று. மேலே பருத்தி மூட்டைகளில் உட்கார்ந்து வந்த ஆட்கள் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க அவருக்கு அழுகையாக வந்தது.