ஜெயமேரி அக்காவின் ஆர்க்கிடுக்கு இனி யாரும் எதுவும் ஊற்ற வேண்டாம்

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் வேப்பந்தட்டை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அக்காவின் கணவர் அருளப்பன் அண்ணன் போன் செய்தார். "மேரி போயிட்டா தங்கச்சி" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி. அவர் போனை வைத்துவிட்டார். அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அக்கா எங்கே போயிருக்கிறார் என்பது என் மண்டையில் ஏறியது.

இதைப் படிக்கப்போகும் உங்களில் பாதிப்பேர் அரியலூர் தொலைபேசி நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்கள். மற்றவர்கள் அக்காவின் தெருக்காரர்கள், ஏலாக்குறிச்சி உறவினர்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் அழுகையோடு மட்டும் எழுதவில்லை, கோபத்தோடும் எழுதுகிறேன். அக்காவின் ஆர்க்கிட் செடி சாகக் கிடக்கிறது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அண்ணன் காலையில் எழுந்திருப்பதே அதை நினைத்துத்தான். அது போய்விட்டால் அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா ஓய்வு பெற்ற அன்று நாம் எல்லோரும் சேர்ந்து திருச்சியிலிருந்து வாங்கிக்கொடுத்த செடி அது. ஊதாப் பூக்களோடு வந்தது. பூ உதிர்ந்ததும், நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தாங்காது, தூக்கிப் போடுங்கள் என்று நானே சொன்னேன். அக்கா கேட்கவில்லை. வடக்கு ஜன்னலோரம் வைத்தார். கரித்துண்டும் மரப்பட்டையும் போட்ட தொட்டியில், மண்ணே இல்லாமல், அது பாட்டுக்கு உயிரோடு இருந்தது.

அதற்குச் சாப்பாடு அக்காவின் அடுப்படியிலிருந்துதான் போனது. சின்ன வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், அரிசி களைந்த தண்ணீர். தோலை ஊறவைத்து, வடிகட்டி, நிறமே தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை கொஞ்சமாக ஊற்றுவார். மற்றபடி பட்டை காய்ந்தால் வெறும் தண்ணீர். ஆரம்பத்தில் ஆசையில் தினமும் ஊற்றியிருக்கிறார். இலை கொழுகொழுவென்று வளர்ந்ததே தவிர பூவைக் காணோம். "நல்லா தின்னுட்டுத் தூங்குது தனம். எனக்கே சோம்பேறிப் புருஷன் ஒருத்தர் இருக்காரு, ரெண்டாவது எதுக்கு?" என்றார் என்னிடம். அண்ணன் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார்.

நானும் என் பங்குக்குக் கெடுக்கப் பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீர் பூச்செடிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் எடுத்துப்போனேன். குன்னம் தாண்டியதும் மூடி கழன்றுகொண்டது. கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். மிச்சமிருந்ததை அக்கா வாங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டே போய் முருங்கை மரத்தடியில் கொட்டினார். "நீ பாசத்துல கொண்டாந்துட்ட. அது வேருக்குத் தெரியுமா?" என்றார். நான் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் சரியில்லை என்றார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அண்ணன் போனில் ஒரு படம் காட்டினார். செடியின் அடி இலைக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அக்கா படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "வேரு இல்லங்க, பூந்தண்டுதான்" என்றார். அத்தனை வருஷம் காத்திருந்தவர் கத்தி ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. "நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் ஊத்திராதீங்க, இருக்குறது போதும் அதுக்கு" என்று மட்டும் சொன்னார். பூக்கும்போது நீயே வந்து பார்ப்பாய் என்று அண்ணன் அடித்துச் சொன்னார். அக்கா வீடு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்ததும் நாம் எல்லோரும் துக்கம் கேட்கப் போனோம். போனவர்கள் எல்லோரும் அந்தத் தண்டைப் பார்த்தார்கள். மேரியே வந்திருக்கிறாள் என்றார்கள். உடனே கை சும்மா இருக்குமா? ஒருவர் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் வெங்காயத் தோல் ஊறிய தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்தார். இன்னொருவர் வேளாங்கண்ணித் தீர்த்தத்தையே ஊற்றினார். அக்காவுக்குச் செய்ய முடியாமல் போனதை எல்லாம் அந்தச் சின்னத் தொட்டியில் கொட்டினீர்கள். அக்கா எதை, எப்படி என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாரே, எவ்வளவு என்று சொன்னதை மட்டும் ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லையே.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது தண்டு மஞ்சளடித்திருந்தது. மொட்டுகள் சுருங்கியிருந்தன. கிட்டப் போனால் நாற்றம். செடியைத் தூக்கினேன். வேரெல்லாம் பழுப்பாகக் கூழாகிக் கையோடு வந்தது. பச்சையாக இரண்டே வேர் மிச்சம். நான் உங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அண்ணன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அவங்களத் திட்டாத தங்கச்சி. அவங்க ஆளுக்கு ஒரு தடவ ஊத்துனாங்க. நான்தான் காலையிலயும் ராத்திரியும் ஊத்துனேன்."

நான் செடியைக் கீழே வைத்தேன்.

"கடைசியில தண்ணி தண்ணின்னு கேட்டா. டாக்டரு அளவு சொல்லியிருந்தாரு. அதுக்கு மேல ஒரு வாய்கூட நான் குடுக்கல. கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா, குடுக்கல. இதுக்காவது கேக்காமயே குடுப்போம்னு ஊத்துனேன்."

இரண்டு வேரை வைத்துக்கொண்டு அந்தச் செடி உயிரையும் பூவையும் சேர்த்துத் தாங்காது, தண்டை வெட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "பூத்துரும்னு மேரிகிட்ட சொன்னேனே" என்றார். பிறகு அவரே செடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் வெட்டினேன். அழுகிய வேரையும் நறுக்கிவிட்டு, புதுக் கரித்துண்டு போட்டு நிறுத்தினேன். கிளம்பும்போது தொட்டியை என் பையில் அவரே வைத்தார். "நீ எடுத்துட்டுப் போயிரு. இங்க இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார்.

இப்போது அது பெரம்பலூரில், என் வீட்டு வடக்கு ஜன்னலில் இருக்கிறது. பிழைக்குமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். அதைவிட, அரியலூருக்குப் போய் அண்ணனோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வேரும் தினமும் வரும் ஒரு போனும்தான். விடிந்ததும் அண்ணன் கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பதில்லை. "தண்ணி கேக்குதா தங்கச்சி?" என்கிறார்.

"இன்னும் கேக்கலண்ணே" என்கிறேன். "கேட்டா ஒடனே குடுத்துருவேன்."