ஒடுக்கு எடுக்காத வண்டி

நான் செய்யும் சின்ன லாரிகளின் அளவைத் தீர்மானித்தது நானல்ல, கோழிகள். நாமக்கல்லைச் சுற்றியுள்ள பண்ணைகளில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்ததும் காலிக் குப்பிகள் மிஞ்சும். அவற்றின் ரப்பர் மூடிதான் எனக்கு டயர். மூடியின் குறுக்களவு முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். அசல் டயரோடு வைத்துக் கணக்குப் போட்டால் ஓர் அடிக்குக் கால் இஞ்சு வருகிறது. டயர் இவ்வளவு என்றால் வண்டியும் அதற்குத் தக்கபடிதான் இருக்க முடியும். இருபத்து நாலடி பாடி ஆறு இஞ்சில் அடங்கிவிடும். பத்து வருடமாக இந்தக் கணக்கை நான் மாற்றவில்லை. இன்னும் பெரிதாகச் செய்யலாமே என்று யாராவது யோசனை சொன்னால், பெரிய மூடியாகக் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

வார நாட்களில் லாரி பாடி கட்டும் பட்டறையில் எனக்கு டிங்கர் வேலை. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவேன், பட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்குவேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் அதே வேலைதான், கால் இஞ்சுக் கணக்கில். கண்ணாடி போட்ட மரப்பெட்டிக்குள் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும் வண்டிகள் என்று ஏதாவது ஒரு காட்சி. முட்டை அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து, பசை கலந்து பூசினால் அசல் மண் தரை கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டைதான் பலகை. குளிர்பான டின்னைக் கத்தரித்தால் கேபினுக்குத் தகரம் தயார்.

"ஊருல எல்லாரும் ஞாயித்துக்கெழமை கறி எடுக்கப் போறாங்க. எங்கூட்டுக்காரரு குப்ப பொறுக்கப் போறாரு" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் பக்கத்து வீடுகளில் பத்திரிகை அட்டைகளைக் கேட்டு வாங்கி வருவதும் அவள்தான்.

போன வருடம் ஒரு ஞாயிறு காலையில் எதிர்வீட்டு அக்கா வந்தார். அவருடைய கணவர் சொந்த லாரியைத் தானே ஓட்டி வந்தவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். முழங்கால் மூட்டு தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதால், அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வண்டியை விற்றிருந்தார். அவர்கள் வீட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில்தான் அந்த வண்டி பதினெட்டு வருடமாக நின்றது. இப்போது அந்த இடம் காலி. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"கூப்டாத்தான் தம்பி சோத்துக்கே வாராரு. என்னங்க ஆச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லீங்கறாரு. அதுக்கு மேல வாயத் தொறக்கறதில்ல. நீங்க அந்த வண்டியப் பொட்டிக்குள்ள செஞ்சு குடுங்க தம்பி. அதப் பாத்தாச்சும் நாலு வார்த்த பேசுவாரான்னு பாப்போம்."

கையில் ஒரு புகைப்படம் வைத்திருந்தார். ஆயுத பூசை அன்று எடுத்தது. வண்டியின் முகம் முழுக்க மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே தோரணம். வண்டிதான் தெரியவில்லை. இருந்தாலும் எனக்குப் படம் எதற்கு? பதினெட்டு வருடம் என் வாசலில் நின்று பார்த்த வண்டி. ஐந்து ஞாயிறுகளில் முடித்துத் தருகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

சொன்னபடியே முடித்தேன். அப்படியொரு வண்டியை நான் அதற்கு முன் செய்ததில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை. கதவுகள் திறந்து மூடும். தார்ப்பாயின் கயிறு வரைக்கும் முறுக்கித் திரித்தேன். வேப்பமரம், மரத்தடியில் உதிர்ந்த இலை, பின்னால் அண்ணன் வீட்டுச் சுவர், அதன் பச்சை நிறம் எல்லாம் பெட்டிக்குள் வந்துவிட்டன. நம்பர் பிளேட்டில் எண்ணை எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

ஆறாவது ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணன் முன்னால் முக்காலியில் வைத்தேன். அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நம்பரை வாய்விட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"வேல ரொம்பச் சுத்தமா இருக்குதுங்க தம்பி. நம்பரு நம்முளுதாட்ட இருக்குது. யாரு வண்டிங்க இது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் உள்ளே போய்விட்டார். அண்ணன் மறுபடியும் வேப்பமரத்தடியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கண்ணில்லாத மனுசன், ரசனை இல்லாத மனுசன் என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அவுரு கேட்டது சரிதானுங்க. இது பட்டறையில இருந்து டெலிவரி எடுக்கற வண்டி. எதுத்தாப்ல நின்ன வண்டிக்கு ஒடம்பெல்லாம் ஒடுக்காச்சே?"

பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பம்பர் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. அசல் வண்டியில் அதன் இடது முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். வலது கதவில் பெரிய ஒடுக்கு இருக்கும். பின்பலகையில் ஒரு துண்டு மட்டும் வேறு மரம். எல்லாம் எனக்குத் தெரியும், தினமும் பார்த்ததுதானே. தெரிந்தும் என் கை எல்லாவற்றையும் நிமிர்த்தி, தேய்த்து, புதுப் பெயின்ட் அடித்திருக்கிறது. பட்டறைக்கு ஒரு வண்டி வந்தால் முதல் வேலை ஒடுக்கு எடுப்பது. முப்பது வருடப் பழக்கம், அது ஆறு இஞ்சு வண்டியையும் விட்டுவைக்கவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. அடுத்தவருடைய வண்டியை அவரைக் கேட்காமல் ரிப்பேர் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பட்டறையிலிருந்து வந்ததும், முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மை தீர்ந்த பேனா ஒன்றை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"எங்கெங்க ஒடுக்கு இருந்துதுன்னு நீங்களே போடுங்கண்ணா."

பேனாவை வாங்கி வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். சரி, இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று நான் எழுந்திருக்கும்போது, பம்பரின் இடது முனையைத் தொட்டார்.

"இது சூரமங்கலத்துல. டவுன் பஸ்காரன் ஒருத்தன் குறுக்க வந்துட்டான். தப்பு அவன் மேலதானுங்க, ஆனா சத்தம் போட்டது அவன்."

பேனாவின் முனையால் பம்பரை நெம்பினார். இவ்வளவு மேலே இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே என்று தானே திருத்திக்கொண்டார். பிறகு பின்பலகை. சேறு தெறிக்காமல் டயருக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் மட்டையை, அசலில் இருந்தபடியே ஒரு பக்கம் மட்டும், என்னிடம் பிளேடு வாங்கிக் கிழித்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஒரு சண்டை, ஒரு சாப்பாடு. அந்த வாரம் தினமும் சாயங்காலம் போனேன். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார். நான் தேய்த்துப் பளபளப்பாக்கிய வண்டி என் கண்ணெதிரே பாழாகிக்கொண்டிருந்தது. எனக்கோ அப்படியொரு சந்தோஷம்.

சனிக்கிழமை வலது கதவுக்கு வந்தோம். அக்கா காப்பி கொண்டு வந்து திண்ணை மேல் வைத்தார்.

"இந்தக் கதவு எனக்கே தெரியுந் தம்பி. குடோன் கேட்டு இடிச்சது. பதனொரு வருசம் ஆச்சு."

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"கேட்டு இல்ல" என்றார். "தூங்கீட்டேன். மத்தியானம் மூணு மணி, நல்ல வெயிலு. கண்ணு முழிச்சா வண்டி ரோட்டு நடுவால இருக்கற தடுப்புச் சொவத்துல ஒரசிக்கிட்டுப் போவுது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தா ஏறியிருக்கும்."

காப்பியின் மேல் ஆடை படிந்தது. எழுந்து போய்விடலாமா என்று எனக்கு இருந்தது. ஆனால் பெட்டி என் மடியில் இருந்தது.

"அன்னிக்கு ஊட்டுக்கு வந்து என்ன சாப்ட்டீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?" என்று அக்கா கேட்டார். "கோழிக்கொழம்பு. ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டீங்க. அம்புட்டு நல்லா இருக்குதான்னு நான் கேட்டேன்."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கதவில் பேனாவை வைத்து அழுத்தினார். தகரத்தில் சின்னக் குழிதான் விழுந்தது.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணன் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

"இம்புட்டுதானா? வருசா வருசம் ஆயுத பூசைக்கு இந்தக் கதவத் தொடச்சது நானுங்க. என்ற நாலு வெரலும் உள்ள போகும்."

உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரே அழுத்தாக அழுத்தினார். டின் தகரம் டக்கென்று உள்வாங்கியது. அண்ணன் குனிந்து பார்த்தார். விரல் நுனியை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "இது நம்ம வண்டி."

அக்கா பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனார்.