அண்ணனுக்கு இல்லாத கறுப்பு

வாய் அகன்ற சிறிய கண்ணாடிச் சீசா அது. உள்ளே ஃபார்மலினில் சுண்டுவிரல் நகமளவு சதைத் துண்டு ஒன்று கிடந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. இப்படிப்பட்ட சீசாக்கள் தினமும் என் மேசைக்கு வரும். துண்டை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொடுக்க வேண்டும். யாருடைய உடம்பு என்று யோசிக்கிற பழக்கம் முதல் மாதத்தோடு போய்விட்டிருந்தது. அன்று சீட்டில் ‘வலது காது, ஆறாத புண், ஆண், வயது முப்பது’ என்று படித்துவிட்டுத்தான் பெயரைப் பார்த்தேன். ஊர் மரக்காணம். தகப்பன் பெயரும் எழுதியிருந்தது. அது என் அண்ணன்.

படிகளில் இறங்கிக் கீழே ஓடினேன். கட்டுப் போடும் அறை வாசலில் இருந்த ஆயாம்மா, “அந்த வெள்ள ஆளா? அப்பவே போயிட்டாரும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாரு” என்றாள். விடியற்காலை பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, காதில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டு, மாடியில் தங்கை இருக்கிறாள் என்று தெரிந்தும் ஏறி வராமல் திரும்பிப் போயிருக்கிறான்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் பிறக்கும்போதே வெளுப்பாகப் பிறந்தவன். முடி சோளநார் போல இருக்கும். புருவமும் இமையும்கூட அதே நிறம். வெளிச்சத்தைப் பார்த்தால் கண்மணிகள் இரண்டும் நிலையில்லாமல் ஆடும். நான் அவனுக்கு எட்டு வருடம் கழித்துப் பிறந்தேன், அப்பாவைப் போல நல்ல கறுப்பு. எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஊரில் அவனுக்குத் தொரை என்று பெயர். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எந்தத் துரைக்குப் பெற்றாள் என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. அப்பா அதை ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அண்ணனை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கேட்டதில்லை. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு உப்பளத்து வரப்பில் நடப்பார். அண்ணன் பத்தடி பின்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவான்.

பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தும் கரும்பலகை அவனுக்குத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஒரு டீக்கடையில் சேர்த்துவிட்டார்கள். விடியற்காலையில் அவன் முகத்தில் விழிப்பது ஆகாது என்று கடலுக்குப் போகிறவர்கள் சொன்னதால் பத்தே நாளில் அனுப்பிவிட்டார்கள். முகத்தைப் பற்றிக் கேள்வி கேட்காத வேலை எங்கள் ஊரில் ஒன்றுதான் இருந்தது. பாத்தியில் இறங்கி உப்பு வாருகிற வேலை.

அங்கே வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீரிலும் உப்பிலும் பட்டுக் கீழேயிருந்தும் திரும்பி அடிக்கும். அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொள்வான். ஆனால் காதுகளை மூடமாட்டான். பார்வை சரியில்லாததால் எல்லாவற்றையும் அவன் காதால்தான் அறிந்துகொண்டான். யார் வருகிறார்கள், யார் கூப்பிடுகிறார்கள், வரப்பு எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவனுக்குச் சத்தம்தான். “காதையும் கட்டிக்கிட்டா நான் குருடன்மா” என்று ஒருமுறை அம்மாவிடம் எரிந்து விழுந்தான். பதினைந்து வருடத்துக்கும் மேலாக அந்த வெயிலில் அந்தக் காதுகள் திறந்தே இருந்தன. அவன் உப்பு வாரித்தான் நான் படித்தேன்.

படித்து வேலைக்கு வந்த முதல் வருடம் என்னைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வருவதாக இருந்தது. முதல் நாள் அம்மா அண்ணனிடம், “நாளைக்கு ஒரு மத்தியானம் மட்டும் எங்கனா போயிட்டு வர்றியாப்பா? பொறக்கப்போற பசங்களுக்கும் வருமோன்னு பயப்படுவாங்க” என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குப் போக வேறு இடம் கிடையாது. ஆள் இல்லாத உப்பளத்தில், சித்திரை வெயிலில், பொழுது சாயும் வரை வரப்பில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள். பொண்ணு ரொம்பக் கறுப்பு என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். இருட்டுகிற நேரத்தில் அண்ணன் வந்தான். கழுத்திலும் காது மடலிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது.

“இன்னா சொன்னாங்க?”

சொன்னேன். அவன் சிரித்தான். “உன் கறுப்பும் வேணாம், என் வெளுப்பும் வேணாமா? இன்னாதான் வேணுமாம் அவுங்களுக்கு?”

கொப்புளங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியது நான்தான். வலது காதின் மேல்விளிம்பில் காய்ந்த பக்கு மாதிரி ஒன்று அப்போதே இருந்தது. கிள்ளி எடுத்தால் லேசாக ரத்தம் வந்தது. “இது எப்பலேருந்து இருக்குது?” என்று கேட்டேன். “அது பழசு” என்றான். தோல் புற்றுநோயைத் தினமும் கண்ணாடித் தகட்டில் பார்க்கிற நான், அதற்கும் எண்ணெய் தடவிவிட்டுக் கை கழுவிக்கொண்டேன். அடுத்த வருடம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கும் அடுத்த வருடம் அந்தச் சீசா வந்தது.

அந்தத் துண்டை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. நானே மெழுகில் பதித்தேன், நானே சீவினேன். மறுநாள் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது டாக்டரம்மா சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேல் தோலின் செல்கள் தங்கள் எல்லையை உடைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஆழத்துக்கு இறங்கியிருந்தன. நடுவில் வெங்காயம் போலச் சுருண்ட வட்டங்கள் தெரிந்தன.

ஆனால் நான் நெடுநேரம் பார்த்தது நோயை அல்ல. துண்டின் ஓரத்தில் நோய் தொடாத தோல் கொஞ்சம் இருந்தது. அதையும், அன்றைக்கு வந்திருந்த வேறொரு கறுத்த மனிதரின் தோலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தோலின் அடிவரிசையில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் நிறமிச் செல்கள்தான் மெலனினைச் செய்கின்றன. செய்ததைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, கிளை கிளையாக நீளும் கைகளால் சுற்றியிருக்கும் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய செல் அந்தப் பழுப்புத் துகள்களைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வருகிற பக்கமாகக் குவித்து வைத்துக்கொள்கிறது. குடை பிடிப்பது மாதிரிதான். அந்தக் கறுத்த மனிதரின் தோலில் ஒவ்வொரு செல்லும் குடை பிடித்திருந்தது. அண்ணனின் தோலிலும் நிறமிச் செல்கள் இருந்தன. அதே வரிசையில், அதே இடைவெளியில், ஒன்றுகூடக் குறையாமல். பைகளும் இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. பைக்குள் போட ஒன்றும் இல்லை. கறுப்பைச் செய்கிற ஒரே ஒரு நொதி வேலை செய்யாததால், முப்பது வருடமாக அந்தச் செல்கள் வெறும் பைகளைச் சுமந்துகொண்டிருந்தன.

அன்று மாலையே ஊருக்குப் போனேன். அண்ணன் காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

“ஏண்ணே மேல வரல?”

“உன் வேல செய்யற எடம். நாலு பேரு பாப்பாங்க.”

நான் அவன் காதின் கட்டை அவிழ்த்து மாற்றிக் கட்டினேன்.

காதை எடுத்துவிட்டார்கள். இனிமேல் வெயிலில் நிற்கவே கூடாது என்றார் அறுத்த டாக்டர். நிழலில் ஒரு வேலைக்காக மருத்துவமனையில் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். பார்வை போதாது என்றார் ஒருவர். நோயாளிகள் மிரளுவார்கள் என்றார் இன்னொருவர். என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். மூன்று வாரம் இருந்தான். பிறகு ஒரு நாள் நான் வேலைக்குப் போன நேரத்தில் ஊருக்குக் கிளம்பிவிட்டான். மாசி மாதம் அவன் திரும்பவும் பாத்தியில் நிற்பதாகத் தெரிந்தது. ஆடியில் கழுத்தில் கட்டி தெரிந்தது. சென்னைக்குக் கூட்டிப் போனேன். அங்கே கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்த்தார்கள். தோல்தான் வெந்தது. கட்டி கரையவில்லை.

சில வருடங்களுக்கு முன், நான் ஓய்வு பெற்ற பிறகு, மரக்காணம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு இளம் தம்பதியைப் பார்த்தேன். மடியில் சோளநார் முடியோடு ஒரு குழந்தை இருந்தது. அந்தப் பெண் முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், வெயிலுக்காக அல்ல. அவர்கள் கேட்காமலே அவள் கணவனிடம் சொன்னேன்: “தம்பி, இது ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்தாத்தான் வரும். அம்மாகிட்டேருந்து மட்டும் வராது.” அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நம்பினானா என்று தெரியவில்லை. அப்பாவிடம் நான் அதைச் சொன்ன நாளில் அவரும் அப்படித்தான் திரும்பிக்கொண்டார்.

அது அண்ணனின் கடைசி வாரம். கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். முகம் வீங்கி, இருந்த கொஞ்சப் பார்வையும் போயிருந்தது. “அந்தக் கண்ணாடில என்னப் பாத்தியே, எப்பிடி இருந்தேன் பாப்பா?” என்று கேட்டான்.

“என்ன மாதிரியேதாண்ணே. எல்லாம் இருக்குது. கறுப்பு மட்டும் ஊறல.”

“அம்மாவுக்குத் தெரியாமப் போச்சே” என்றான்.

நான் வாசலுக்குப் போனேன். அப்பா சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். அறிவியலை அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “அவனுக்கு இப்பிடி ஆனது உங்ககிட்டேருந்தும் வந்ததுப்பா. உங்க ஒடம்புலயும் பாதி இருக்குது, அம்மா ஒடம்புலயும் பாதி இருந்துச்சு. ரெண்டும் சேந்தாத்தான் இப்பிடிப் பொறக்கும். வேற யாரும் இல்லப்பா” என்றேன்.

தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்கிட்டேருந்துமா?” என்று கேட்டார்.

“ஆமாம்பா.”

எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார், உட்காரவில்லை. காலடிச் சத்தம் கேட்டு அண்ணன் மிச்சமிருந்த காதை அந்தப் பக்கம் திருப்பினான். எல்லோருடைய நடையையும் தெரிந்தவனுக்கு இந்த நடை கட்டிலருகே வந்து பழக்கமில்லை.

“யாரு?”

அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “அப்பாண்ணே” என்று நான் சொன்னேன்.

அண்ணன் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரிதான் கேட்டான்.

“எதுக்கு?”