ஆற்றுக்கு விட்ட வழி

மேட்டூரில் அணை கட்டாத காலம் அது. குமாரபாளையத்தில், காவிரிக் கரையை ஒட்டி எங்கள் வீடு. கட்டிக் கொடுத்தவர் அம்மாவின் தம்பி. துணி மூட்டையோடு நாகப்பட்டினம் போனவர், புயலில் கடல் ஏறிய ஒரு குப்பத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மண்சுவர் வீடெல்லாம் போய், கம்பத்தின் மேல் நின்றவை மட்டும் மிஞ்சினவாம். அதனால் எங்களுக்குக் கீழே கல்தூண்கள், மேலே பலகை மச்சு. தூண்களுக்கு நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். அங்கே அப்பாவின் தறி.

"தண்ணிக்கு வழி உட்டா ஊட்டை உட்டுப்போட்டுப் போயிருமுங்க" என்றார் மாமா.

அப்பாவுக்கோ ஆற்றைவிடத் தெருவைக் கண்டுதான் பயம். புதுப் பாவு ஏற்றிய தறியில் ஊர்க்கண் பட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. தட்டி இடுக்கில் எட்டிப் பார்க்க ஆளா இல்லை? சுவர்தான் வைக்க வேண்டும் என்பார்.

யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். களிமண்ணில் ஒரு வீடும் ஈர்க்குச்சி நட்டு ஒரு வீடும் செய்து, வீட்டுக்கொரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். குச்சி வீடு படுத்துவிட்டது. "நம்ம பாப்பாவே கண்டுபுடிச்சிருச்சு" என்று அப்பா பூரித்துப்போனார். மாமா வெளியூர் போயிருந்த வாரத்தில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் எழுந்தது. என் பெருமை சொல்லி முடியாது.

ஆடியில் ஆறு பெருகியது. தறியிலிருந்த பாவு நூலை அறுத்து எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏறினோம். தண்ணீர் சுவரில் மோத மோதப் பலகை என் காலடியில் நடுங்கியது. சுவர் சாய்ந்தால் தூண்களையும் இழுத்துக்கொண்டுதான் சாயும். இடுப்பளவுத் தண்ணீரில் மாமா கடப்பாரையோடு வந்து சேர்ந்தார். அப்பா இறங்கிப் போய்க் குறுக்கே நின்றார்.

"ஏனுங்க மாப்ள, குடியிருக்கிற ஊட்டையா இடிக்கிறீங்க?"

அக்காள் புருஷனைத் தள்ள மாமாவுக்குக் கை வரவில்லை. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அம்மாதான் இறங்கி, கடப்பாரையைப் பிடுங்கினாள்.

"தள்ளுங்க. மேல புள்ளைக இருக்குது."

தோளால் அவரை ஒதுக்கிவிட்டு ஓங்கிக் குத்தினாள். அதன் பிறகே மாமாவும் சேர்ந்தார். முன்னும் பின்னும் சுவர் விழுந்ததும் ஆறு ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் போயிற்று. தறியையும் கூட்டிக்கொண்டுதான் போயிற்று. மச்சின் நடுக்கம் நின்றது.

வெள்ளம் வடிந்ததும் தெருவே வந்து விசாரித்தது. "செவுத்தை ஆறு கொண்டுபோயிருச்சுங்க" என்றார் அப்பா எல்லோரிடமும். எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க, அம்மாதான் இடிச்சாங்க" என்று கூவினேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். அப்பா சிரித்துக்கொண்டே, "புள்ளை பயந்துபோயிருக்குது" என்று இன்னொரு பொய்யும் சொன்னார்.

புருஷனைத் தள்ளிவிட்டு வீட்டை இடித்தவள் என்று தெருவில் ஒரு பெயர் கிளம்பினால், அம்மா அதைச் சாகும்வரை சுமக்க வேண்டியிருக்கும் என்பது எட்டு வயதில் எனக்கு எட்டவில்லை. பொய்யர் என்று முடிவு கட்டி, பொங்கல் வரை அப்பாவோடு பேசாமல் இருந்தேன்.